தள்ளும் கைக்குத் தெரியும்: மேசை ரம்பத்தின் பராமரிப்பு

மேசை ரம்பம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். முக்கால் இன்ச் பலகை ஒன்றை எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். தள்ளுகோலால் லேசாகத் தள்ள, பிளேடு ஒரே சத்தத்தில் அறுத்துக்கொண்டே போனால் ரம்பம் சரி. பாதி வழியில் சத்தம் தடித்து, மோட்டார் முனகி, உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டிய நிலை வந்தால் வேலையை அங்கேயே விட்டுவிட வேண்டும். பலகையை அசையாமல் பிடித்தபடி ஸ்விட்சை அணையுங்கள். பிளேடு முழுவதும் நின்ற பிறகுதான் பலகையைப் பின்னால் இழுக்கலாம்.

பிளேடு மழுங்கியிருக்கலாம், பிசின் ஏறியிருக்கலாம், பலகை சாய்ந்து ஓடும் ஃபென்ஸ் கோணியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். எதுவானாலும் கை தேவைக்கு மேல் அழுத்தத் தொடங்குகிறது. அழுத்திக்கொண்டிருக்கும் கை, மரம் சட்டென்று இளகும்போது தானாக நிற்காது; பிளேடின் மேல் போய் விழும். விபத்து நடந்த பிறகு "கவனக்குறைவு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எவ்வளவு கவனமான ஆளையும் முரட்டுத்தனமாகத் தள்ளவைப்பது பராமரிக்காத ரம்பம்தான். அதனால்தான் பராமரிப்பையும் பாதுகாப்பையும் இரண்டு அத்தியாயமாகப் பிரிக்காமல் ஒன்றாகவே எழுதுகிறேன்.

10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல்நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கையை இழுத்துக்கொள்ள அந்த வேகம் நேரம் தராது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், 2015ஆம் ஆண்டு அந்த ஒரு நாட்டில் மட்டும் மேசை ரம்பத்தின் பிளேடில் பட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் சுமார் 30,800 பேர். கருவிக்கு விளக்கப் புத்தகமும் காப்பு உறைகளும் கூடவே வரும் நாட்டின் கணக்கு இது.

நம் ஊரில் வீட்டுப் பட்டறை வைப்பவர் கைக்கு வரும் ரம்பம் பெரும்பாலும் இரண்டு வகை. அலுமினிய மேசையும் கார்பன் பிரஷ் மோட்டாரும் கொண்ட, இரண்டு பேர் தூக்கி இடம் மாற்றக்கூடிய கம்பெனி ரம்பம் ஒன்று. உள்ளூர்ப் பட்டறையில் இரும்பு ஆங்கிளும் தகடும் வெல்டிங் செய்து, அடியில் தனி மோட்டாரும் பெல்ட்டும் மாட்டித் தரும் ரம்பம் இன்னொன்று. இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மூன்றாவதாக ஒன்றையும் பல வீடுகளில் பார்க்க முடிகிறது: கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சாவை, சில இடங்களில் மார்பிள் கட்டரையே, பிளைவுட் மேசைக்கு அடியில் கவிழ்த்துத் திருகி, அதன் பட்டனை டேப் சுற்றி அழுத்தியே வைத்திருப்பார்கள். அதற்குப் பராமரிப்பு சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை. அவசரத்துக்கு அணைக்க அதில் கைக்கெட்டும் ஸ்விட்ச் கிடையாது, மரம் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் கத்தி கிடையாது. மார்பிள் கட்டரோ நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுவது. அத்தனை வேகத்துக்குச் செய்யப்படாத மரப் பிளேடை அதில் மாட்டினால் பல் தெறிக்கும். கழற்றிவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றி மேசை மேல் வையுங்கள்

கீழே சொல்லும் எந்த வேலைக்கும் முன்னால் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, அந்த முனையை ரம்பத்தின் மேசை மேல், உங்கள் கண்ணுக்கு நேராக வையுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. வேறு யாரோ வந்து போடலாம், முழங்கால் பட்டு ஆன் ஆகிவிடலாம். நேரடியாக வயர் இழுத்த மோட்டார் என்றால் அந்த லைனின் எம்சிபியை இறக்கி, பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில், வேலை இல்லாத நேரத்திலும் இதே ஏற்பாடு இருக்கட்டும். பிளேடையும் மேசைக்குக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள்.

பிளேடு

பராமரிப்பில் பாதி வேலை பிளேடில்தான். கழற்றுவதற்கு ஷாஃப்ட் லாக் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது ஸ்பானரால் ஷாஃப்டைப் பிடியுங்கள். பல்லுக்கு முன்னால் கட்டையை முட்டுக்கொடுத்து நட்டைத் திருகும் பழக்கம் வேண்டாம். கார்பைடு நுனி உடையக்கூடியது. நட்டு எந்தப் பக்கம் கழலும் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். பிளேடு சுழலும் திசையிலேயே, அதாவது பல்நுனிகள் பார்க்கும் பக்கமாக ஸ்பானரைத் திருப்பினால் கழலும். சுழற்சியில் தானாகக் கழலாதபடி மரை அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிளேடை எடுங்கள். ரம்பம் ஓடாத நேரத்தில் மட்டும்தான் கையுறை. ஓடும் பிளேடுக்கு அருகில் கையுறை இருந்தால், துணி மாட்டி விரலை உள்ளே இழுத்துவிடும்.

எடுத்த பிளேடை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல்லின் பக்கங்களில் பழுப்பாக, கெட்டியாகப் படிந்திருப்பது மரத்தின் பிசினும் சூட்டில் கருகிய தூளும். தேக்கிலும் பைன் மரத்திலும் இது சீக்கிரம் ஏறும். பிளைவுட்டின் பசையும் சேர்ந்துகொள்ளும். மழுங்கிவிட்டது என்று எண்ணி சாணைக்கு அனுப்பும் பிளேடுகளில் பல, உண்மையில் அழுக்குப் பிளேடுகள்தான். பழைய தாம்பாளம் ஒன்றில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, பிளேடை அதில் கால் மணி நேரம் படுக்க வையுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் பல்லுக்குப் பல் தேயுங்கள். விடாப்பிடியாக இருந்தால் டர்பன்டைன் தொட்டுத் தேய்க்கலாம், ஆனால் அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில். காஸ்டிக் சோடா கலந்த கழுவிகளும் அடுப்பு சுத்தம் செய்யும் கடும் திரவங்களும் கூடாது. கார்பைடு நுனி என்பது டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் பிணைத்து வைத்திருக்கும் கலவை. கடும் ரசாயனம் அந்தப் பிணைப்பையும், நுனியை எஃகில் ஒட்டியிருக்கும் பற்றவைப்பையும் அரிக்கலாம். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். கழுவிய உடனே துடைத்து, வெயிலில் காட்டி, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவை ஒற்றி எடுங்கள்.

சுத்தமான பிளேடில்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். நுனி பெயர்ந்த பல் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளேடு ரம்பத்துக்கு மீண்டும் போகக்கூடாது. அடுத்த பல் இரட்டைச் சுமை ஏற்று அதுவும் பெயரும், பெயர்ந்த துண்டு பறக்கும். பற்களுக்கு நடுவே உள்ள குழிவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். விரிசல் கண்ட பிளேடைச் சரிசெய்ய வழி கிடையாது. பழைய இரும்புக்காரரிடம் போட்டாலும், யாரும் எடுத்து மறுபடி மாட்டாதபடி வளைத்துப் போடுங்கள். கூர்மையை விரலால் சோதிக்க வேண்டாம். விளக்குக்கு நேரே பல்நுனியைப் பிடியுங்கள். கூரான நுனியில் வெளிச்சம் நிற்காது. மழுங்கிய நுனியில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும்.

கார்பைடு நுனி வைத்த டிசிடி பிளேடை வீட்டில் அரம் வைத்துத் தீட்ட முடியாது. வைரச் சக்கரம் உள்ள சாணைக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எல்லாப் பற்களின் கோணமும் உயரமும் ஒன்றாக வர வேண்டும். கையால் இழுத்தால் சில பல் மட்டும் உயர்ந்து அவையே மொத்த வேலையும் செய்யும். சாணைக்குப் போயிருக்கும் நாள்களில் மழுங்கிய இன்னொன்றை மாட்டி ஒப்பேற்றாமல் இருக்க, வீட்டில் இரண்டு பிளேடாவது இருப்பது நல்லது. நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கே அறுக்கவும் 60 பல். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று 40 பல் பிளேடை வாங்குவோர் அதிகம். அது இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும். இரண்டு அங்குலத் தேக்குச் சட்டத்தை 60 பல் பிளேடால் நீளவாக்கில் அறுக்க முயன்றால், பற்களுக்கு நடுவே சீவல் தங்க இடமில்லாமல் மரம் கருகும், கை அழுத்தத் தொடங்கும்.

மாட்டும்போது பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றுவேகம் ரம்பத்தின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள். நடுத்துளை பிளேடுக்குப் பிளேடு மாறும். 25.4 மி.மீ., 30 மி.மீ. இரண்டும் கடையில் கிடைக்கும். பெரிய துளைப் பிளேடைச் சிறிய ஷாஃப்டில் மாட்ட வளையம் போடுவார்கள். வளையம் கையால் அழுத்தினால் இறுக்கமாக உட்கார வேண்டும். கலகலவென்று ஆடினால் பிளேடு மையம் விலகிச் சுற்றும். இரண்டு பக்க வாஷர்களையும் துடையுங்கள். அங்கே ஒட்டிய ஒரு சிட்டிகைத் தூள், ஷாஃப்டிலிருந்து ஐந்து இன்ச் தள்ளியிருக்கும் பல்நுனியில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாக வெளிப்படும். மேசைக்கு மேலே, முன்பக்கப் பற்கள் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி வெட்டும்படி இருக்க வேண்டும்.

இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய மரம் அறுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய தேக்கும் வேங்கையும் அருமையான மரங்கள். ஆனால் தலை ஒடிந்த ஆணிகள் உள்ளே மறைந்திருக்கும். கறுத்த புள்ளி தெரிந்தால் அங்கே பெரும்பாலும் இரும்பு இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அது இழுக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஆணியைத் தோண்டி எடுத்த பிறகே ரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மரம் ஏன் எதிர்த்து வருகிறது

மேசை ரம்பத்தில் காயம் படும் வழிகளில் மிக மோசமானது மரம் எகிறித் திரும்பி வருவது. பிளேடின் முன்பக்கம் மரத்தை மேசையோடு அழுத்துகிறது. அது நமக்கு உதவி. பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி வருகின்றன. அறுபட்ட மரம் எப்படியோ பின்பக்கப் பற்களில் உரசினால், அவை மரத்தைத் தூக்கி, பல்லின் அதே வேகத்தில் உங்கள் வயிற்றை நோக்கி எறியும். அந்த நொடியில், மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கைக்கு முன்னால் மரம் இருக்காது, பிளேடு மட்டும்தான் இருக்கும்.

மரம் பின்பக்கப் பல்லில் உரசுவது இரண்டு காரணத்தால். ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் குறுகி, மரத்தைப் பிளேடின் மேல் நெருக்கலாம். அல்லது அறுத்த பிளவு தானே மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வலாம். ஈரம் முழுவதும் போகாத மரமும் கணு உள்ள மரமும் அடிக்கடி இப்படிச் செய்யும். முதல் காரணத்தை அளந்து நீக்கலாம். இரண்டாவதற்கு ரைவிங் நைஃப் வேண்டும்.

அளப்பது இப்படி. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்பக்கம் உள்ள ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் உள்ள மைட்டர் பள்ளத்தில் ஓடும் கேஜில் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு, கட்டையின் நுனி அந்தப் பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். நடுவில் ஒரு ஏ4 தாள் நுழைந்து லேசாக உரச வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதால் வீட்டில் அதைவிட மலிவான அளவுகோல் கிடைக்காது. இனி பிளேடைக் கையால் சுற்றி, புள்ளி வைத்த அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். கேஜையும் பின்னால் தள்ளி, அதே தாளை நுழையுங்கள். அதே உரசல் இருந்தால் பிளேடும் பள்ளமும் இணை. தாள் நுழையவே மறுத்தாலோ, இரண்டு தாள் சுலபமாகப் போனாலோ, சரிசெய்ய வேண்டும். அதே பல்லைப் பின்னால் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறு பல்லை அளந்தால் பிளேடின் சொந்தக் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரிசெய்யும் போல்ட்டுகள் கம்பெனி ரம்பத்தில் பெரும்பாலும் மேசைக்கு அடியில், மோட்டாரைத் தாங்கும் அமைப்பில் இருக்கும். எது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும், விளக்கப் புத்தகத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தாமல் ஒன்றை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்றவற்றைக் கொஞ்சம் இளக்கி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே நகர்ந்துவிடுவது சகஜம். உள்ளூர் ரம்பத்தில் இந்த வசதி இல்லாமல் பேரிங் பிளாக்கையே நேராக வெல்டிங் செய்திருந்தால், செய்தவரிடமே கொண்டுபோய்த் துளையை நீளத் துளையாக்கித் தரச் சொல்லுங்கள். செலவு செய்யத் தகுந்த வேலை அது.

பிளேடு சரியான பிறகுதான் ஃபென்ஸ். பள்ளத்துக்கு இணையாக ஃபென்ஸை வைத்துப் பூட்டி, முன்னாலும் பின்னாலும் இடைவெளியை அளந்து பாருங்கள். பின்னால் ஒரு தாள் அளவு அகன்றிருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பின்னால் ஒரு தாள் அளவு குறுகியிருந்தால் அந்த ஃபென்ஸ் மரத்தைப் பிளேடின் மேல் நெருக்கிக்கொண்டே இருக்கும். கடைசியாக, பிளேடை நேர் நிலைக்குக் கொண்டுவந்து மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். மூலைமட்டம் பல்லின் நுனியில் படாமல், பிளேடின் உடம்பில் படிய வேண்டும்.

ரைவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த தகடு. பெயர் கத்திதான், கூர் கிடையாது. அறுத்த பிளவுக்குள் புகுந்து அதை மூடவிடாமல் வைத்திருக்கும். பல்லுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.க்குக் குறையாமலும் 8 மி.மீ.க்கு மிகாமலும் இருக்கட்டும். தடிமன்தான் பலரும் பார்க்கத் தவறுவது. பிளேடின் உடம்பைவிடத் தடித்தும், பல் அறுக்கும் பிளவைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். உடம்பு 1.8 மி.மீ., பிளவு 2.8 மி.மீ. என்றால் 2.2 மி.மீ. தகடு பொருந்தும். புதிதாக மெல்லிய பிளேடு வாங்கி மாட்டி, மரம் பாதியில் முட்டி நிற்கிறது என்பதற்காகத் தகட்டைக் கழற்றி அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. முட்டுவது தகட்டின் குற்றமல்ல. அந்தப் பிளேடு அந்த ரம்பத்துக்கானது அல்ல, பிளேடை மாற்றுங்கள். தகடு வளைந்திருக்கிறதா என்று அளவுகோலை அதன் மேலும் பிளேடின் மேலும் சேர்த்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். உள்ளூர் ரம்பத்தில் இது இல்லையென்றால் என் கருத்தில் அந்த ரம்பம் இன்னும் செய்து முடிக்கப்படவில்லை.

தோல் பட்டதும் தானே நிற்கும் ரம்பமும் உலகில் இருக்கிறது. அமெரிக்கர் ஸ்டீபன் காஸ் 1999இல் உருவாக்கிய சாஸ்டாப் அமைப்பு அது. பிளேடில் ஓடும் சிறு மின் சமிக்ஞை உடம்பு பட்டவுடன் மாறுவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டையைப் பல்லுக்குள் பாய்ச்சி, 5 மில்லி விநாடிக்குள் நிறுத்திவிடும். உயர்ந்த கண்டுபிடிப்பு. ஆனால் மரம் எகிறி வருவதை அது தடுக்காது. அதை வாங்கியவருக்கும் ஃபென்ஸும் ரைவிங் நைஃபும் சரியாக இருந்தாக வேண்டும்.

கரன்ட் போய்த் திரும்பும்போது

மற்ற நாட்டு நூல்களில் ஓரிரு வரியில் முடிந்துபோகும் இந்தச் செய்தி நமக்கு உயிர்ப் பிரச்சினை. பலகை பாதி அறுபட்ட நிலையில் கரன்ட் போகிறது. பிளேடு மெல்ல நிற்கிறது. ஸ்விட்ச் போட்டபடியே இருக்கிறது. பலகையை எடுக்கப் பிளேடுக்கு அருகில் கை போகிறது, அல்லது கரன்ட் வரும்வரை டீ குடிக்கப் போய்விடுகிறோம், பிள்ளை யாராவது அங்கே வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் திரும்பினால் பிளேடு தானாகச் சுற்றத் தொடங்கும்.

உங்கள் ரம்பம் இப்படிச் செய்யுமா என்று இன்றே சோதித்துவிடுங்கள். மேசை மேல் எதுவும் இல்லாமல், பிளேடைக் கீழே இறக்கி, ரம்பத்தை ஓடவிடுங்கள். சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளேடு நின்றதும், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு, சுவர் ஸ்விட்சை மறுபடி போடுங்கள். ரம்பம் அமைதியாக இருந்தால் நல்லது. மறுபடி ஓடினால் அந்த ஸ்விட்சை மாற்றும்வரை ரம்பத்தைத் தொட வேண்டாம்.

மாற்றாக வேண்டியது, கரன்ட் போனதும் தானே விழுந்து, பட்டனை மறுபடி அழுத்தினால் மட்டுமே எழும் ஸ்விட்ச். தனி மோட்டார் வைத்த உள்ளூர் ரம்பத்துக்கு, கிணற்று மோட்டாருக்கு மாட்டும் பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரே போதும். உள்ளே இருக்கும் காயில் கரன்ட் இல்லாவிட்டால் தொடர்பை விட்டுவிடும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப அதன் ஓவர்லோடு ரிலேயையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: தோட்டத்தில் கழற்றிய பழைய ஸ்டார்ட்டரை எடுத்து மாட்டும்போது, அதில் ஆட்டோ வசதி இணைத்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். நள்ளிரவில் மூன்று ஃபேஸ் வந்ததும் மோட்டார் தானே ஓட வேண்டும் என்று விவசாயிகள் அதைப் போடுகிறார்கள். தண்ணீர் இறைக்க நல்ல வசதி. ரம்பத்தில் அது ஆளைக் கொல்லும்.

சிவப்பு பட்டன் கைக்கு மட்டுமல்ல, முழங்காலுக்கோ தொடைக்கோ எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சிக்கல் வரும் நேரத்தில் இரண்டு கையும் மரத்தின் மேல்தான் இருக்கும்.

230 வோல்ட்டில் 1,800 வாட் ரம்பம் 8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு. 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் உள்ள மூன்று முனைப் பிளக், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவை இல்லாமல் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாவிட்டால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தேவையான நீளம் மட்டும். சுருளில் சுற்றியபடி ஓட்டினால் வயர் சூடேறும். மெல்லிய வயரிலும் மாலை நேரத்துக் குறை வோல்டேஜிலும் மோட்டார் திணறுகிறது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து நாம் அழுத்துகிறோம்.

தூள், துரு, எண்ணெய்

மரத்தூளை வெறும் குப்பையாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். என்95 மாஸ்க் அறுக்கும்போது மட்டுமல்ல, ரம்பத்தைச் சுத்தம் செய்யும்போதும் வேண்டும். அப்போதுதான் நுண்ணிய தூள் அதிகம் கிளம்பும். வீட்டுக்குள் புளோயரால் ஊதாமல் வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். அடிப்பெட்டியில் தூள் தேங்கினால் மோட்டாருக்குக் காற்றோட்டம் அடைபட்டுச் சூடாகும். மோட்டார் பொறி பட்டால் அந்தக் குவியல் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும்.

பிளேடை ஏற்றி இறக்கும் திருகிலும் சாய்க்கும் பற்சக்கரத்திலும் கிரீஸ் வைக்காதீர்கள். கிரீஸில் தூள் ஒட்டி நாளடைவில் களிமண்போல் இறுகிவிடும். பழையதை பிரஷும் டர்பன்டைனும் கொண்டு எடுத்து, உலர்ந்த பிறகு மெழுகோ கிராஃபைட் பொடியோ போடுங்கள். கைப்பிடிச் சக்கரம் இலகுவாகச் சுற்றினால்தான் ஒவ்வொரு பலகைக்கும் பிளேடின் உயரத்தை மாற்ற மனம் வரும். பல் பலகைக்கு மேல் சற்றே தெரிந்தால் போதும். சக்கரம் இறுகிய ரம்பத்தில் பிளேடு எப்போதும் முழு உயரத்தில்தான் நிற்கும்.

இரும்பு மேசை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் மழையே வேண்டாம். நுண்ணிய எமரி தாளில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு நீளவாக்கில் தேய்த்துத் துடைத்து, மெழுகு பூசி, உலர்ந்ததும் துணியால் பளபளவென்று தேயுங்கள். சாதாரண மெழுகுவத்தியும் ஆகும். சிலிகான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம். அது மரத்தில் ஒட்டி, பிறகு பூசும் வார்னிஷைப் பிடிக்கவிடாது. தேங்காயெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் மரத்தில் கறையாகும். மெழுகிட்ட மேசையில் பலகை வழுக்கிக்கொண்டு போவதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், கை இதுவரை எவ்வளவு வீணாக அழுத்தியது என்று தெரிந்துவிடும்.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி ரம்பத்தில் காற்றுத் துளை வழியே வழக்கத்துக்கு மேல் பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். 5 அல்லது 6 மி.மீ.க்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட் மோட்டாரில் பெல்ட்டின் உள்பக்கம் விரிசல் இருக்கிறதா, இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். மேலே சிலிண்டர் வடிவில் இருக்கும் கன்டென்சரைப் பிளக் கழற்றிய பிறகும் தொட வேண்டாம், அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். பேரிங்குக்கு ஒரு சோதனை உண்டு. பிளேடைக் கீழே இறக்கி, மேசை ஓரத்தில் பழைய தடித்த 5 ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி நிறுத்தி, ரம்பத்தை ஓட்டுங்கள். கனமான இரும்பு மேசையில் நாணயம் விழாமல் நின்றால் பேரிங், பெல்ட், பிளேடு மூன்றும் ஒத்துப்போகின்றன.

அறுக்கும் ஆள்

லுங்கியின் தொங்கும் முனை, துப்பட்டா, தளர்ந்த முழுக்கை, மோதிரம், கையில் கட்டிய கயிறு, நீளமான சங்கிலி எல்லாம் வெளியே. கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கம் சற்று விலகி நில்லுங்கள். பலகை ஃபென்ஸிலோ மைட்டர் கேஜிலோ ஏதாவது ஒன்றில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் சாயாமல் வெறும் கையால் ஓட்டுவது கூடாது. ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே நாலு விரற்கடைக்குக் குறைவாக இடம் இருந்தால் தள்ளுகோலால் மட்டும் தள்ளுங்கள். தள்ளுகோலை பிளைவுட் துண்டில் நீங்களே நாலைந்து செய்து ஃபென்ஸ் ஓரத்திலேயே தொங்கவிடுங்கள். பிளேடு கடித்துப் பிய்ந்ததைத் தூக்கிப் போட்டுப் புதிதை எடுக்கத் தயக்கம் வராது.

பிளேடைச் சுற்றியுள்ள வாய்த்தகடு மேசைக்கு மட்டமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தூக்கி நின்றால் பலகை அதில் முட்டும், தாழ்ந்திருந்தால் மெல்லிய துண்டு பிளேடோடு உள்ளே போகும்.

காயம் பட்டுவிட்டால்

முதலுதவிப் பெட்டியைப் பட்டறையிலேயே, ஒற்றைக் கையால் திறக்கும்படி வையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வீங்குவதற்குள் மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். 108க்கு அழையுங்கள், அடிபட்டவர் தானே வண்டி ஓட்டக்கூடாது. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் அவற்றையெல்லாம் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து தர நேரலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். தூள் இருந்தால் சுத்தமான நீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு செத்துவிடும், பிறகு ஒட்டவைக்க முடியாது. குளிரில் இப்படிப் பாதுகாத்த விரல் பல மணி நேரம் தாங்கும். எனவே கிட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கட்டுப்படுத்தி, ஊசி போட்டுக்கொண்டு, விரலை மறுபடி இணைக்கும் நுண் அறுவை வசதி உள்ள இடத்துக்குப் போக நேரம் கிடைக்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இதில் பேர்பெற்றது. உங்கள் ஊருக்குக் கிட்டத்தில் இந்த வசதி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, தொலைபேசி எண்ணை ரம்பத்துக்கு எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போது வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, மெயின் ஸ்விட்ச் எது என்பதையும் காட்டிவிடுங்கள்.